ஐந்து விரல், ஒரு விரல்

சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு முதுகலை மாணவர் அறையின் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு. உணவுப் பொருள்களை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே என் வகுப்புத் தோழி உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் ஒரு வகுப்பறை. பிள்ளைகள் எல்லாரும் கையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தார்கள். சாப்பிடுவதற்காகக் காணொளியை நிறுத்தி வைத்திருந்தார்.

"வாங்கக்கா. ஒரு வாய் சாப்பிடுறீங்களா?"

"போர்டு மாட்டியிருக்காங்க."

"அது ஸ்டூடண்டுக்குலா. நான் டீச்சர்."

அந்த அறையில் அவரும் மாணவர்தான். நானும்தான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிய முதுகலைப் படிப்பு. பயன்பாட்டு மொழியியல் என்று சான்றிதழில் வரும். வாரநாளில் வேலை பார்ப்பவர்களுக்காகச் சனி ஞாயிறுகளில் வகுப்பு வைத்தார்கள். சேர்ந்தவர்களில் என்னைத் தவிர எல்லாரும் பள்ளி ஆசிரியர்கள். நான் ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளராக இருந்து, ஜொகூர் பாருவில் இருந்த அலுவலகத்தை அவர்கள் மூடிய பிறகு, தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவள். முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கல்லூரி சொன்னது. சேர்ந்தேன்.

படிப்பு பழகச் சில மாதங்கள் ஆயின. பத்திரிகையில் தகவல் கொடுத்தவரின் பெயரை மறைப்பது தொழில் தர்மம். இங்கே பெயரைச் சொல்லாவிட்டால் அது திருட்டு. மழை பெய்தால் தரை நனையும் என்று எழுதினால் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் 'யார் சொன்னது?' என்று வரும். எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் மேலும் ஆய்வு தேவை என்ற வாக்கியத்தோடு முடிந்தன. எங்கள் செய்தி ஆசிரியரிடம் அப்படி ஒரு கடைசி வரியோடு போனால், தேவையானதைச் செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

தோழிக்கு முப்பத்தாறு வயது. சிகாமட்டுக்கு வெளியே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பள்ளிக்கு ஒரு தோட்டத்தின் பெயர். தோட்டத்தில் இப்போது தமிழ்க் குடும்பங்கள் இல்லை. பிள்ளைகள் டவுனிலிருந்து வேனில் வருகிறார்கள். அவர் வாரநாள்களில் சிகாமட்டில் வாடகை அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை ஆயர் ஈத்தாம் வழியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வருவார். அங்கேதான் கணவரும் மகளும் மாமியாரும் இருந்தார்கள். கணவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்புவார். மகள் அம்மாவை வார இறுதிகளில் பார்த்தாள்.

மாற்றல் கேட்டு அவர் பல முறை விண்ணப்பித்திருந்தார். ஜொகூர் பாருவில் ஆங்கிலத்துக்கு இடமில்லை என்ற பதில் ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தது. முதுகலை முடித்தால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஜொகூர் பாருவில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. அதுதான் திட்டம். அவர் படித்ததற்கு வேறு காரணம் எதையும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தப் பருவம் அவருக்குக் கடைசிப் பருவம். கால நீட்டிப்புகள் எல்லாவற்றையும் பயன்படுத்தி முடித்துவிட்டார். பருவ முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவருடைய ஆய்வு எளிமையானது. ஆங்கில வகுப்பில் ஆசிரியர் எந்த மாதிரிக் கேள்வி கேட்டால் பிள்ளைகள் தாமாகப் பேச முன்வருகிறார்கள்? தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான தன் ஆறாம் ஆண்டு வகுப்பையே கைப்பேசியில் படம்பிடித்தார். கைப்பேசி மாட்டிய முக்காலி ஸ்டாண்டை வகுப்பின் முன்னால் நிறுத்தி, பிள்ளைகளின் முகம் தெரியும்படி வைத்திருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை கைகள் உயர்கின்றன என்று எண்ண வேண்டும். ஆற்றில் வெள்ளம் ஏறிப் பள்ளியை மூடுவதற்கு முன்பே பாடங்களைப் பதிவுசெய்து முடித்திருந்தார். பிறகு ஆண்டு முடிந்தது. அந்தப் பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள்.

இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் எண்ணியதை நீங்களே சரி என்று சொல்லக் கூடாது. இன்னொருவர் அதே காணொளியைத் தனியாகப் பார்த்து எண்ண வேண்டும். இருவரின் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒத்துப்போனால் நம்பலாம். வெளியாளை நியமிக்க யாருக்கும் வசதியில்லாததால் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எண்ணிக்கொடுத்தோம். என் ஆய்வுக்காக என் மாணவர்களின் கட்டுரைகளை அவர் பார்த்துக்கொடுத்தார். அவருடைய கைகளை நான் எண்ண வேண்டியிருந்தது.

எண்ணும் விதிகளை அவர் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். கை உயர்ந்தால் ஒன்று. உயராவிட்டால் சுழியம். படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னேன். எண்ணும்போது கலந்து பேசக் கூடாது என்பதால், அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வேறு வேலை பார்த்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதல் கேள்வி, பாடப் பகுதியிலிருந்து. படகு எங்கே போனது? எல்லாக் கைகளும் உயர்ந்தன. இரண்டாவது, படகோட்டி ஏன் கோபப்பட்டார்? எல்லாக் கைகளும் உயர்ந்தன. அடுத்தது, நீ அந்தக் கிராமத்தின் தலைவராக இருந்தால் என்ன செய்வாய்? இதற்கு ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள்ளேயே எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன.

செய்தியாளர் கூட்டங்களில் சில சமயம் இப்படி நடக்கும். அமைச்சர் பேசி முடிப்பதற்குள் கைகள் உயரும். எந்தக் கையைக் கூப்பிட வேண்டும் என்று பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்குத் தெரிந்திருக்கும். அதனால் நான் கைகளை விட்டுவிட்டு, ஆசிரியை யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கினாள். ஒருமுறைகூட அவளைக் கூப்பிடவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். அவள் ஒரு விரலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள்.

கழிப்பறைக்குப் போகக் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர் கழிப்பறைக்குப் போகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைக் கழற்றினேன். "அந்த மூணாவது வரிசைப் பொண்ணு ஏன் ஒரு விரலைக் காட்டுது?"

"எந்தப் பொண்ணு?"

"எல்லாப் பொண்ணும். பையன்களும்."

எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "அதுவா? தெரியாதுன்னு அர்த்தம்க்கா." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார்.

விளக்கம் சுருக்கமானது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வருவார்கள். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் துடிப்பாக இருக்கிறார்களா என்று குறித்துக்கொள்வார்கள். அதனால் எந்தக் கேள்விக்கும் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் ஐந்து விரலையும் விரிப்பார்கள். தெரியாதவர்கள் ஒரு விரலைக் காட்டுவார்கள். ஆசிரியர் ஐந்து விரலை மட்டும் கூப்பிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் தூக்கிய கைகளை மட்டுமே பார்ப்பார், விரல்களை எண்ண மாட்டார். எல்லாரும் திருப்தியாகப் போவார்கள். முதலாம் ஆண்டிலிருந்தே பிள்ளைகளுக்கு இது பழக்கம்.

"ஆராய்ச்சிக்குமா செய்யச் சொன்னீங்க?"

"ஐயோ, நான் சொல்லவே இல்லக்கா. ஸ்டாண்டைப் பார்த்ததும் பிபிடி வந்திருக்குன்னு நினைச்சித் தூக்கிட்டாங்க. நானும்..." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் பழக்கத்துல அஞ்சு விரலாப் பார்த்துக் கூப்பிட்டிருக்கேன்."

பிபிடி என்பது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஆசிரியர்கள் வைத்திருக்கும் சுருக்கம்.

அதே காணொளிகளை அவர் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். கைகளை எண்ணியிருக்கிறார். எந்த வகைக் கேள்வியாக இருந்தாலும் மாணவர்கள் முழுமையாகப் பங்கேற்கிறார்கள் என்று நான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்திருக்கிறார். உலகில் வேறெங்கும் கிடைக்காத முடிவு அது. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

பேசுவதற்குப் பல்கலைக்கழகத்துக்கு எதிரில் இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே உணவுக்குத் தடையில்லை. அவர் தே தாரிக் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"நீங்க ஒன்னு போடுங்க. நானும் ஒன்னு போட்டிருக்கேன். முடிஞ்சிச்சி."

"அது தெரியாதுன்னு சொல்ற கை."

"கை தூக்கித்தானேக்கா இருக்கு? அலமாக், விரலையா எண்ணச் சொன்னேன்? விதியைப் பாருங்க. நீங்கதானே படிச்சி ஓக்கே சொன்னீங்க?"

விதி அவர் சொன்னபடிதான் இருந்தது.

"தேர்வாளர் கண்டுபிடிச்சா?"

"அவரு எங்க வீடியோவைப் பார்க்கப் போறாரு? புத்தகத்தை மட்டும்தானே பார்ப்பாரு."

"புத்தகத்துல படம் இருக்கு."

பின்னிணைப்பில் ஒரு படம் இருந்தது. வகுப்பு முழுவதும் கையைத் தூக்கியிருக்கும் படம். ஆய்வு நெறிக் குழுவின் விதிப்படி எல்லா முகங்களையும் அவர் மங்கலாக்கியிருந்தார். விரல்கள் தெளிவாக இருந்தன.

கொஞ்சம் யோசித்தார். "கையையும் பிளர் பண்ணிடலாம்."

"கை தூக்கினாங்கன்னு காட்டத்தானே அந்தப் படம்?"

இன்னொரு தே தாரிக் சொன்னார். அது வந்ததும் கரண்டியால் ஆடையை ஒதுக்கினார். பிறகு, "மக அடுத்த வருஷம் ஒன்னாம் ஆண்டுக்கா. நான் வீட்ல இருக்கணும்" என்றார். குரலை உயர்த்தவில்லை.  ஒற்றை விரலுக்கு ஒன்று போட முடியாது என்று மட்டும் சொன்னேன். அன்று மாலைக்குள் ஐந்து விரலுக்கு ஒன்றும் ஒரு விரலுக்குச் சுழியமும் போட்டுக் கொடுத்தேன். இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாவிட்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பேராசிரியை. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக இங்கே வந்தவர். அலுவலகத்தில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார். காணொளியைப் பார்த்தபோதும் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். நிறுத்தச் சொன்னார். மறுபடி ஓடவிடச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"எத்தனை வருஷமா இது நடக்குது?"

"நான் சேர்ந்ததுலேருந்தே இருக்கு, ப்ரொப்."

"நீர் இதை எப்ப கண்டனீர்?"

"அக்கா சொன்னப்போதான்."

"உம்மட வகுப்புத்தானே?"

"என் வகுப்புதான், ப்ரொப்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சும்மா இருக்கிற பிள்ளைக்குப் பதில் தெரியாதோ, வெட்கமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இங்க ஒவ்வொரு பிள்ளையும் கையைத் தூக்கிச் சொல்லுது. நீர் அதை விட்டுட்டு வேறென்னத்தையோ எழுதி வச்சிருக்கிறீர்."

"இப்ப என்ன செய்றது, ப்ரொப்?"

"திருப்பி எழுதும்."

"டைட்டில்?"

தலைப்பை மாற்றக் குழு கூட வேண்டும். குழுத் தலைவர் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். அவர் வந்து, குழு கூடி, முடிவு எழுத்தில் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். தலைப்பு அப்படியே இருக்கட்டும், உள்ளே மாற்றும் என்று பேராசிரியை சொன்னார். வாகன நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது தோழி, "இவ்வளவு தமிழ் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார். எனக்கும் தெரியாது.

அடுத்த தடை பள்ளி. பள்ளியில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். முடிந்ததும் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. விரல் விஷயத்தை எழுதினால், எந்த அதிகாரிகளுக்காகப் பிள்ளைகள் விரல் காட்டினார்களோ அவர்கள் கைக்கே அது போகக்கூடும். தலைமையாசிரியரிடம் சொல்லாமல் எழுத முடியாது. அவர் வேண்டாம் என்றால் எழுதவும் முடியாது. திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் தோழி அவரைப் போய்ப் பார்த்தார். வெளியே வந்து, காரில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார். தலைமையாசிரியரின் குரலிலேயே பேசிக் காட்டினார்.

"'பேரு போட்டிருக்கியா?'ன்னாரு. இல்ல சார், ஜொகூர் வடக்குல ஒரு தமிழ்ப்பள்ளின்னுதான் போட்டிருக்கேன்னேன். 'அப்ப சரி. படிக்கிறவன் எல்லாம் அவனவன் பள்ளியைத்தான் சொல்றான்னு நினைச்சிக்குவான்'னாரு."

"அதிகாரிக்குப் போகும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்க்கா. சிரிக்கிறாரு. இப்ப வந்து வகுப்பு பார்க்கிறாரே, அந்த ஆபிசர், முன்னாடி வேற பள்ளியில தலைமையாசிரியரா இருந்தவராம். அப்ப நம்ம சார் அங்க டீச்சர். 'இந்த விரல் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதாம்மா'ன்னாரு."

"அப்ப பின்னால உட்கார்ந்துக்கிட்டு என்னத்தைக் குறிச்சிக்கிறாரு?"

"பிள்ளைங்க துடிப்பா இருக்காங்கன்னுதான்."

அதன்பின் வந்த சனி ஞாயிறுகளை அந்த அறையில் கழித்தோம். அவர் எழுதினார், நான் மறுபடி எண்ணினேன். விதிகள் இப்போது மூன்று பக்கமாகியிருந்தன. விரல் முன்வரிசைத் தலைக்குப் பின்னால் மறைந்தால் என்ன, பாதி மடங்கியிருந்தால் என்ன, கையால் தலையைச் சொறிந்தால் என்ன என்பதற்கெல்லாம் விதி இருந்தது.

முடியும் தறுவாயில் இன்னொன்று கண்ணில் பட்டது. இந்த முறை அவர்தான் பார்த்தார். இரண்டு தடவை பதில் சொன்ன பிள்ளைகள் மூன்றாவது தடவை நான்கு விரல்களை மடக்கிக்கொண்டார்கள். பதில் தெரியாமல் இல்லை. போதும் என்று மடக்கினார்கள். ஒரு பையன் ஐந்து விரலை விரித்தான், ஆசிரியை தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தான், நிதானமாக நான்கை மடக்கினான். ஆசிரியை அடுத்தவனைக் கூப்பிட்டார்.

"இந்தப் பயலைப் பாருங்கக்கா. பெரிய ஆளுலா இவன்."

"அப்ப ஒரு விரல்னா தெரியாதுன்னு அர்த்தம் இல்ல."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காம் அத்தியாயத்தைத் திறந்து முதலிலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.  இனி எழுதப்போவதன் தலைப்பு என்ன என்று கேட்டேன். தலைப்பு பழையதுதான், ஆசிரியரின் கேள்வி வகைகளும் மாணவர் பங்கேற்பும் என்றார்.

ஆய்வேட்டைக் கடைசி நாளன்று கொடுத்தார். வாய்மொழித் தேர்வு ஒரு புதன்கிழமை பிற்பகலில் நடந்தது. அவருடைய கணவர் சிங்கப்பூரில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சாத்திய கதவை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள ரொம்பத் திட்டுவாங்களாக்கா?"

"கேள்விதான் கேட்பாங்க."

"கேள்வி கேட்டா வீட்ல இது யாரையும் சும்மா விடாது. இங்க எப்படியோ."

வெளித் தேர்வாளர் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மலாய்க்காரர். பேராசிரியர் ஆவதற்கு முன் பல வருடங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வெளியே வந்த பிறகு தோழி சொன்னபடி, அவர் முதலில் பின்னிணைப்பில் உள்ள படத்தைத்தான் திறந்தார். நெடுநேரம் பார்த்தார். தன் பள்ளியில் தெரிந்தால் விரித்த கை, தெரியாவிட்டால் மூடிய கை என்றார். விரல் கணக்கு தூரத்திலிருந்து பார்க்கச் சிரமமாக இல்லையா என்று கேட்டார். பழகிவிடும் என்று இவர் பதில் சொன்னார். அவர் முகம் மாறாமல் அதைக் குறித்துக்கொண்டார்.

திருத்தங்களோடு தேர்ச்சி. திருத்த வேண்டியவற்றில் முதலாவதாக, ஆய்வேட்டின் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதியிருந்தது. குழுத் தலைவர் அதற்குள் ஹஜ்ஜிலிருந்து திரும்பியிருந்தார். குழு கூடித் தலைப்பை மாற்றிக் கொடுத்தது.

அமைச்சுக்கு அனுப்பிய பிரதியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அதிகாரி அடுத்த ஆண்டும் வகுப்பு பார்க்க வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

பட்டம் கையில் வந்ததும் தோழி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். புத்ராஜெயாவில் நேர்முகத் தேர்வு நடந்தது. நன்றாகச் செய்திருப்பதாகச் சொன்னார். மகள் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்து சில வாரங்கள் ஆன பிறகு, ஒரு மாலை போன் வந்தது.

"கெடச்சிருச்சிக்கா. விரிவுரையாளர்."

"நல்லது. எப்ப சேரணும்?"

"அடுத்த மாசம்."

"ஜொகூர் பாருதானே?"

"இல்லக்கா. கூச்சிங்."

ஜொகூர் பாருவின் செனாய் விமான நிலையத்திலிருந்து, கடல் தாண்டிச் சரவாக்கில் இருக்கும் கூச்சிங்குக்குத் தினமும் விமானம் இருக்கிறது.